விட்ட பந்துகளின் நோட்டு

செஞ்சிக்கு மாற்றலாகி வந்த முதல் மாதம் நான் பேசிய பேச்சு முழுவதையும் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். காலையில் ஓட்டலில் "ரெண்டு இட்லி", ஆபீசில் "ஆகட்டும் சார்", சாயங்காலம் மறுபடி ஓட்டலில் "ஒரு காபி". அவ்வளவுதான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் எழுதுவது என் வேலை. யாரோ யாருக்கோ எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரத்தை எழுத்துப் பிசகாமல் பெரிய புத்தகத்தில் பார்த்து எழுத வேண்டும். எனக்கென்று சொந்தக் கருத்து எதுவும் அதற்குத் தேவையில்லை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. கும்பகோணத்துப் பக்கம் ஊர். நான் வாயைத் திறந்தால் கடைத்தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் "இன்னா" என்றால் நான் திரும்பிப் பார்த்தேன். இது அறுபதுகளின் நடுவில்.

ஆபீஸ் நேரம் எப்படியோ ஓடிவிடும். சாயங்காலம்தான் ஓடாது. ஐந்து மணிக்கு வெளியே வந்தால் படுக்கிறவரை என்ன செய்வது என்று தெரியாது. கோட்டையை இரண்டு முறை சுற்றிப் பார்த்தேன். ஒற்றை ஆள் மூன்றாம் முறையும் போனால் காவலாளிக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று நிறுத்திக்கொண்டேன். எனக்குத் தனிமை தாங்கவில்லை. இதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை, ஊருக்கு எழுதிய கடிதங்களில்கூட "இங்கு சௌகரியம்" என்றுதான் எழுதினேன்.

திருவண்ணாமலை ரோட்டோரம் ஒரு மைதானத்தில் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் போய் நின்றேன், மறுநாளும் போனேன். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். முன்னால் இரண்டு, நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு. மஞ்சள் கம்பளி நூலில் சுற்றிய சின்னப் பந்து. மட்டையால் ஒரே அடியில் வலைக்கு அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். தன் பக்கம் தரையில் விழவிட்டால் போச்சு. இருபத்தொன்பது பாயின்ட் எடுத்தால் ஒரு ஆட்டம். அந்தக் காலத்தில் வட்டாரம் முழுவதும் இந்தப் பைத்தியம் இருந்தது. கடைக்காரர், கம்பவுண்டர், வாத்தியார், விவசாயி எல்லோரும் வேட்டியை மாற்றி அரைக்கால் சட்டையோடு வந்துவிடுவார்கள்.

அந்தக் குழுவுக்குத் தலைவர் கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி வைத்திருந்த முதலாளி. வேர்க்கடலையை அங்கே மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். வலை, பந்து, எல்லாம் அவர் செலவு. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர், கொஞ்சம் தொந்தி, நடு இடத்தில் நின்று ஆடுவார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா சார், ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் புதுசா வந்தவரு நீங்கதானே? கையெழுத்து முத்து மாதிரி இருக்குதாமே. சும்மா நிக்கறதுக்கு பாயின்ட் எழுதலாம் இல்ல?"

கிணற்றில் இறங்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும் அன்றைக்கு இறங்கியிருப்பேன். ஒரு மனுஷன் என்னைப் பார்த்து, எனக்கென்று ஒரு வேலை சொன்னான் என்பதே போதுமாயிருந்தது.

சும்மா பாயின்ட் எழுதுவதோடு நான் நிற்கவில்லை. அது என் குணம். ஒரு நீள நோட்டு வாங்கி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, முதலாளி பக்கத்து ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு பத்தியாக ஐந்து பத்தி போட்டேன். யார் எத்தனை பந்தை விட்டார், ஆட்டத்தின் தொடக்கத்தில் விட்டாரா கடைசியில் விட்டாரா, எதிராளி எந்தப் பக்கமிருந்து அடித்தது, எல்லாம் எழுதினேன். வாரக் கடைசியில் ஆளுக்கு ஆட்டத்துக்குச் சராசரி எத்தனை என்று கூட்டி வகுத்து ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் கொடுப்பேன். அவர் அதை மண்டியில் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்தார். கடைத்தெருவில் எனக்கு வணக்கம் சொல்ல ஆட்கள் உண்டாயினர். "நோட்டு சார்" என்று பெயர் வந்தது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பந்து தெரியாது.

ஆட்டம் தெரியாது என்று சொல்லவில்லை. பந்து கண்ணுக்குத் தெரியாது. பள்ளிக்கூட நாளில் போட்ட கண்ணாடி, மேஜைமேல் இருக்கும் பத்திரத்துக்குப் போதும், இருபதடி தாண்டினால் எல்லாம் கலங்கல். எனக்கு மரியாதையாக நாற்காலி போட்ட இடமும் தோதாக அமைந்தது. வலைக்கம்பத்துக்குப் பக்கத்தில், மேற்கே பார்த்து. சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கும்வரை கண்ணில் குத்தும். இறங்கிய பிறகு மங்கிவிடும். மட்டை ஆடுவது தெரியும், ஆட்கள் ஓடுவது தெரியும், நடுவில் இருக்கிற அந்த மஞ்சள் பந்து மட்டும் தெரியாது. கணக்கெழுதக் கூப்பிட்டவர்களிடம் போய் எனக்குக் கண் தெரியாது என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? மறுபடி ரோட்டோரத்தில் நிற்கப் போக வேண்டியதுதான்.

என்னைக் காப்பாற்றியது அந்த மைதானத்தின் ஒரு வழக்கம். பந்து விழுந்ததும் விட்டவர் வலது கையை ஒரு முறை தூக்கி இறக்குவார். தப்பு என்னுடையது, மற்றவரைக் குறை சொல்லாதே என்று அர்த்தம். கை எனக்கு நன்றாகத் தெரிந்தது. யார் தூக்கினாரோ அவர் பத்தியில் ஒரு கோடு போட்டேன். எனக்கு என்னவோ பத்திரம் பார்த்து எழுதுவதைப் போலத்தான் இருந்தது. இரண்டு வருஷம் அப்படியே எழுதினேன், ஒருவரும் ஒரு கோட்டைக்கூட தப்பென்று சொன்னதில்லை.

பின் வரிசையில் வலது பக்கம் நின்றவர் தொண்டூரிலிருந்து சைக்கிளில் வருவார். விவசாயக் குடும்பம். என் வயதுதான், ஒன்றிரண்டு கூட இருக்கலாம். வாரத்தில் நாலு நாள், வயல் வேலையை முடித்துவிட்டு அவ்வளவு தூரம் மிதித்து வந்து ஆடிவிட்டு, மறுபடி மிதித்துப் போக வேண்டும். மற்றவர்கள் ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் வியர்வை அடங்குவதற்காக என் அறைக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நான் அன்றைய பகல் முழுவதையும் கடத்தினேன் என்று சொன்னால் மிகையில்லை. துண்டில் கட்டி அவித்த மல்லாட்டை கொண்டுவருவார். உரித்துத் தின்றுகொண்டே, "இன்னிக்கு நம்ம கணக்கு இன்னா சார்?" என்பார்.

நான் நோட்டைப் பார்த்து, "உங்க பத்தியப் பார்க்கவே வெக்கமா இருக்கு. விட்டுத் தள்ளியிருக்கீங்க" என்பேன்.

அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நான் ஏதோ பெரிய வேடிக்கை செய்ததைப்போல. "சரியா எழுதிட்டீங்களா சார்? அது போதும்" என்பார். குறை சொன்னால் சிரிக்கிற மனுஷனை நான் அதுவரை பார்த்ததில்லை. நல்ல குணம், ஆனால் ஆட்டத்தில் அக்கறை போதாது என்று முடிவு கட்டினேன்.

ஐப்பசி பிறந்தால் வலையைக் கழற்றிவிடுவார்கள். கம்பளிப் பந்து ஈரம் பட்டால் கனத்துப்போகும், மைதானமும் குட்டையாகிவிடும். மார்கழி நடுவில் தரை இறுகும்வரை ஆட்டம் கிடையாது. தை மாதம் அனந்தபுரத்தில் ஒரு போட்டி நடக்கும். அதற்கு யார் அந்த ஐந்து பேர் என்பதை மார்கழியில் மண்டியில் கூடி முடிவு செய்வார்கள். அந்த இரண்டாவது வருஷம் முதலாளி என்னிடம் சொன்னார்: "இந்த வாட்டி ஆளு சொல்றது நீங்கதான் சார். நோட்டு இருக்குது, நமக்கு இன்னா கவலை."

தொண்டூர்க்காரருக்கு அந்தப் போட்டி சாதாரணமானது இல்லை. மழைக்கு முந்தைய கடைசி ஆட்டத்தன்று அவரே சொன்னார்: "எங்க அக்காவ அனந்தபுரத்துலதான் சார் குடுத்திருக்குது. நைனா இந்தப் பந்தாட்டத்த ஒரு நாளும் நல்லபடியா பேசினதில்ல. இந்த வருசம் பொங்கலுக்கு அக்கா வூட்டுக்கு வராரு, அப்படியே ஆட்டமும் பாக்கறேன்னு வாய் தவறிச் சொல்லிட்டாரு." அப்பா வரப்போவதைச் சொல்லும்போது முகம் சிவந்துவிட்டது.

பிறகு மழை. அந்த மழைக்காலத்தைப்போல ஒரு தனிமையை நான் முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை. அறையில் ஓடு ஒழுகும். கட்டிலை நகர்த்திவிட்டு ஒழுகாத மூலையில் உட்கார்வேன். மைதானம் இல்லை, வணக்கம் சொல்ல ஆள் இல்லை. தொண்டூர்க்காரருக்கு விதைப்பும் நடவும். வாரக் கணக்கில் தலையைக் காட்டவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பேன், பால்காரர். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. விதைப்பைப் போட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்து மல்லாட்டை தின்ன வர வேண்டும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ, அந்தக் கோபத்துக்கு நியாயமே இல்லை, ஆனால் நிஜமாகவே வந்தது.

இருந்த ஒரே துணை நோட்டு. ஐந்து பத்திகளும் ஐந்து ஆட்களாக என்னோடு அறையில் குடியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தால் ஓட்டல் சாப்பாட்டுக்கு மட்டும் எழுவேன். முன் பாதியில் விட்டது தனி, பின் பாதியில் விட்டது தனி. வெயில் நாள் தனி, மந்தார நாள் தனி. யார் பக்கத்தில் யார் நின்றால் யாருக்கு எத்தனை. கூட்டக் கூட்ட ஒன்று தெளிவாகியது. விட்ட பந்துகளில் தொண்டூர்க்காரர் மற்ற யாரையும்விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதலாளிதான் மிகக் குறைவு. தொந்தியோடு நடுவில் நிற்கிற மனிதர் இவ்வளவு சுத்தமாக ஆடுகிறாரே என்று எனக்கே வியப்பு. மற்றவர்கள் கண்ணில் படாததை என் நோட்டு பிடித்துவிட்டது என்று மார்தட்டிக்கொண்டேன்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். முதலாளி கொள்முதலுக்காக வெளியூர் போன நாட்களில் தொண்டூர்க்காரர் பத்தியில் கோடுகள் பாதிக்கும் கீழே குறைந்திருந்தன. அவர் திரும்பி வந்ததும் மறுபடி ஏறின. ஒரு மணி நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தியுள்ளவன் எவனும் அங்கே ஒரு நிமிஷத்தில் விஷயத்தைப் பிடித்திருப்பான். நானோ ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: "பெரியவர்கள் அருகில் நின்றால் இவருக்குப் பதற்றம்." அடியில் கோடும் போட்டேன்.

கார்த்திகையில் ஒரு நாள் மழை விட்டிருந்தபோது அவர் வந்தார். கால் முழுக்கச் சேறு. துண்டில் மல்லாட்டை. எனக்கு எழுந்து கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது, ஆனால் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன்.

"இன்னா சார், இளச்சிட்டீங்க. கணக்கெல்லாம் முடிஞ்சிதா?"

நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்தேன். "முடிஞ்சுது. மார்கழியில சொல்றேன்."

"உங்களுக்குத் தெரியாததா சார்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அன்றைக்கே நோட்டைத் திறந்து அவர் பத்தியைக் காட்டியிருந்தால் போதும். இத்தனை வாரம் வராமல் இருந்தாயே, மார்கழிவரை நீயும் காத்திரு என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அது என் குரல்தான்.

மார்கழி நடுவில் ஒரு ஞாயிறு பிற்பகல் மண்டியில் கூடினோம். மூட்டைகளுக்கு நடுவே பெஞ்சு. முதலாளி, முன் வரிசையில் ஆடுகிற ஆஸ்பத்திரி கம்பவுண்டர், மற்ற ஆட்டக்காரர்கள், ஹைஸ்கூலுக்குப் புதிதாக வந்திருந்த கடலூர்க்கார டிரில் மாஸ்டர். தொண்டூர்க்காரர் ஒரு மூட்டையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார்.

நான் எழுந்து நின்று படித்தேன். உட்கார்ந்து படித்திருக்கலாம், நின்றேன். ஒவ்வொருவர் சராசரியும் சொன்னேன். முதலாளியின் எண்ணைச் சொன்னபோது இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தொண்டூர்க்காரருடையதைச் சொன்னபோது கம்பவுண்டர் தொண்டையைச் செருமினார். "கணக்கு வேற, ஆட்டம் வேற இல்லிங்களா சார்" என்று மெல்ல ஆரம்பித்தார். நான் விடவில்லை. சிவப்பு மைக் குறிப்பை எடுத்தேன்.

"பாருங்க. முதலாளி ஊர்ல இல்லாத நாள்ல இவர் நல்லா ஆடறார். முதலாளி பக்கத்துல நின்னா பந்தை விடறார். போட்டிக்கு முதலாளி இல்லாம போக முடியுமா? அதனால பின் வரிசைக்கு டிரில் மாஸ்டரப் போடலாம்."

கம்பவுண்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் ஏதோ ஒரு குட்டைப் பூடகமாக உடைக்கிறேன் என்று நினைத்தாராம். பல நாள் கழித்துச் சொன்னார். முதலாளி மூட்டையின் தையலைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். கடைசியில் தலையைத் தூக்காமலே, "நோட்டு சொல்லுது. நாம இன்னா பண்றது" என்றார்.

எல்லோரும் தொண்டூர்க்காரரைப் பார்த்தார்கள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்பதைப்போல. நான் நோட்டை மூடினேன்.

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அவர்.

அன்று அவர் அறைக்கு வரவில்லை. வயல் வேலை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அனந்தபுரத்துக்குப் பஸ்ஸில் போனோம். அங்கே பாயின்ட் எழுத அவர்களுடைய ஆள் இருந்தார். நான் வழக்கம்போல என் நோட்டோடு ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் எங்களோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த செஞ்சி சைக்கிள் கடைக்காரர். ஆட்டம் தொடங்கியது. முதல் பந்து நம் பக்கம், முதலாளிக்கும் டிரில் மாஸ்டருக்கும் நடுவே எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். நான் பேனாவை வைத்துக்கொண்டு கைக்காகக் காத்திருந்தேன். கை எழவில்லை. டிரில் மாஸ்டர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தன் மட்டையைப் பார்த்தார்.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். கடலூர்க்காரர் தான் விட்ட பந்துக்கு ஒழுங்காகக் கை தூக்கினார், மற்றதற்கு இடுப்பில் கை வைத்து நின்றார். என் நோட்டில் கோடு போடாத வெற்றிடங்கள் சேர்ந்துகொண்டே போயின. ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும் நேரத்தில் சைக்கிள் கடைக்காரரிடம் குனிந்து, "கடைசியா விழுந்ததே, யார் விட்டது?" என்று கேட்டேன்.

அவர் திரும்பி என் கண்ணாடியைப் பார்த்தார். "மொதலாளிதான் சார். அவரு காலடியிலதானே வுழுந்துது."

"அதுக்கு முன்னாடி?"

"அதுவும் அவருதான். எப்பவும் அவருதானே. தொண்டூர்க்காரன் இருந்தா அவன் கையத் தூக்கிடுவான், தெரியாது. பெரியவங்க வுட்டா பக்கத்துல இருக்கிற சின்னவங்க தூக்கறது நம்ம கிரவுண்டுல மரியாதைதானே." மறுபடி என் கண்ணாடியைப் பார்த்து, "ஏன் சார், ரெண்டு வருசமா நீங்க பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?" என்றார்.

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டி வகுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. முதலாளி இருந்தால் கோடு ஏறும், போனால் இறங்கும். பதற்றமாம், சிவப்பு மையாம். ஒரு மனிதன் இன்னொருவரின் பிழையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறான். நான் அதை ஒவ்வொன்றாக எண்ணி, சராசரி போட்டு, நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு படித்திருக்கிறேன். அவமானத்தில் காது சுட்டது. ஆட்டத்தில் தோற்றோம். பஸ்ஸில் திரும்பும்போது யாரும் என்னோடு பேசவில்லை, அல்லது நான்தான் யாரோடும் பேசவில்லை.

மறுநாள் காலை அதே சைக்கிள் கடைக்காரரிடம் ஒரு வண்டி வாடகைக்கு எடுத்துக்கொண்டு தொண்டூர் போனேன். இந்த வழியைத்தான் அவர் வாரத்துக்கு நாலு நாள் மிதித்தார் என்று பாதி வழியிலேயே என் முழங்கால் சொல்லிவிட்டது. ஊரில் விசாரித்து வயலுக்குப் போனேன். கிணற்றுத் தண்ணீரை மல்லாட்டைப் பாத்திகளுக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்" என்றார். ஆச்சரியப்படவில்லை. "வெயில்ல மிதிச்சிட்டா வந்தீங்க? சாப்டீங்களா?"

வரப்பில் நின்றபடியே சொன்னேன். "கணக்குத் தப்பு. உங்க பத்தியில இருக்கறது பாதிக்கு மேல முதலாளியோடது."

"தெரியும் சார்."

"தெரியும்னா அன்னைக்கு ஏன் சொல்லல?"

"அவரு எதுர்ல இன்னான்னு சார் சொல்றது?" மண்வெட்டியால் ஒரு மடையை அடைத்தார். "நீங்க நோட்டுல எழுதறது அவருக்காகன்னு நெனச்சேன். நான் கையத் தூக்கறேன், நீங்க அதுக்குத் தக்க எழுதறீங்க, ரெண்டு பேரும் சேந்து பெரிய மனுசன் மானத்தக் காப்பாத்தறோம்னு. மனசுல நெசக் கணக்கு ஒண்ணு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். ரூம்ல நீங்க கிண்டல் பண்ணும்போது எவ்ளோ சிரிச்சிருப்பேன்." பிறகு, "மண்டியில நீங்க படிச்சப்பகூட கடசியில மாத்திச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்" என்றார்.

அதற்குமேல் மறைக்க எனக்கு எதுவும் இல்லை. "எனக்குப் பந்து தெரியாது" என்றேன். "அவ்வளவு தூரம் கண்ணு எட்டாது. கை தெரியும், அதை வெச்சுத்தான் எழுதினேன்."

அவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "எப்பலேந்து சார்?"

"முதல் நாள்லேந்து."

பாத்தி நிறைந்து தண்ணீர் வரப்பைத் தாண்டியது. அவர் கவனிக்கவில்லை.

"அப்ப என் ஆட்டத்த நீங்க பாத்ததே இல்லியா?"

"இல்லை."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நைனா பாத்ததில்ல. எங்க ஊர்ல ஒருத்தரும் பாத்ததில்ல. கிரவுண்டுல இருக்கறவங்க அவங்கவங்க பந்தப் பாக்கறாங்க. நீங்க ஒருத்தர் பாத்து எழுதி வெக்கறீங்கன்னுதான் சார் அவ்ளோ தூரம் மிதிச்சிட்டு வந்தேன்."

பிறகு குனிந்து மடையைத் திருப்பினார். முதலாளியிடம் நானே உண்மையைச் சொல்கிறேன், மறுபடி ஆட வாருங்கள் என்று நான் சொன்னேன். "வேணாம் சார், அவரு பாவம். எனக்கும் மல்லாட்டை வெதச்சாச்சு, வேலை இருக்குது" என்றார். வீட்டுக்குக் கூட்டிப்போய் மோர் கொடுத்தார். சைக்கிளில் ஏறும்போது, வழியில் ஒரு இடத்தில் ரோடு பெயர்ந்திருக்கும், பார்த்துப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அவர் மைதானத்துக்கு வரவில்லை. என் அறைக்கும் வரவில்லை. கடைத்தெருவில் இரண்டொரு முறை பார்த்தபோது நின்று சௌக்கியம் விசாரித்தார், அவ்வளவுதான். மாசியில் பாண்டிச்சேரி போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அன்றைக்கே மைதானத்தில் போய் உட்கார்ந்தேன். மஞ்சள் பந்து வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருவது துல்லியமாகத் தெரிந்தது. பின் வரிசையில் வலது பக்கம் டிரில் மாஸ்டர் ஓடி ஓடி எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு முழு ஆட்டம் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதர் எப்படி ஆடுவார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.